கோட்டுக்குச் சற்றுத் தள்ளி

தாரிணி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "யாரு இதை இப்படிப் பண்ணுனது?"

சஃப்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணனின் நண்பன், குன்னூரில் சின்ன ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். "நான்தாம்மா. நேத்து உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ லேப்டாப்பை எங்கிட்டக் குடுத்தான்ல. பியானோ நோட்டெல்லாம் தாளத்துக்குப் பின்னாடி பின்னாடி கெடந்துச்சு. பாவம், கை நடுங்கியிருக்கும்னு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி குவாண்டைஸ் போட்டு, கோட்டுக்கு நேரா நிறுத்திட்டேன். இன்னைக்கு நாலு மணிக்குள்ள பாட்டைக் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு அனுப்பணுமே."

திரையில் சுரங்கள் பச்சைக் கட்டங்களாக, ஒவ்வொன்றும் தாளக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பிழை இல்லை. கூடத்தில் அண்ணன் கீர்த்திவாசனைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் போனான். முப்பத்தொரு வயது.

"அண்ணனுக்குக் கை நடுங்கல. வேணும்னே தள்ளி வெச்சது."

டயாலிசிஸுக்குப் பிறகு அவனால் உட்கார முடியாமல் போனதிலிருந்து மௌஸைப் பிடித்தது அவள்தான். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தபடி, "இன்னும் கொஞ்சம் பின்னால... அவ்வளவு வேண்டாம்" என்பான். மூன்று வாரம், அறுபத்திரண்டு சுரம். அவள் சலித்துக்கொண்டபோது, "தேயிலைச் சாக்கோட மேடு ஏறறவ மிஷினாட்டமா காலெடுத்து வெப்பா?" என்று சிரித்தான்.

"பழசு இருக்குதா?" என்று சஃப்வானைக் கேட்டாள்.

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

தாரிணி மௌஸை எடுத்தாள். முதல் சுரத்தைக் கோட்டிலிருந்து இழுத்தாள்.

கோத்தகிரி கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் தாய்மாமன் குமாரசாமி வாசற்படியில் வந்து நின்றார். "ஏம்புள்ள, அண்ணம் பொணம் அங்க கெடக்குது. நீ கம்ப்யூட்டர நோண்டிட்டிருக்கற? சனம் என்ன பேசும்?"

"பேசட்டுங்க மாமா."

"பாட்டு எங்க ஓடியா போகுது? காரியமெல்லாம் முடியட்டும்."

"எது எங்க இருந்துச்சுன்னு இப்ப எங்காதுல இருக்குது. கொட்டுச் சத்தம் கேட்டா போயிருமுங்க."

வெளியே பறைக்காரர்கள் தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து அவர்களிடம் போனாள். "வேலாமணியண்ணா, ஒரு மணி நேரம் அடிக்காம இருங்க."

மாமா பின்னாலேயே வந்தார். "கொட்டில்லாம எடுக்கறதுக்கு இதென்ன அனாதைப் பொணமா?"

"கொட்டு வேண்டாம்னு சொல்லலீங்க. இப்ப வேண்டாம்னு சொல்றனுங்க."

"நீயாவது சொல்லப்பா" என்று மாமா சஃப்வானைப் பிடித்தார்.

"நான் பண்ணுன வேலையே போதுங்க."

வேலாமணி பறையைக் கீழே வைத்தார். "நாங்க எங்கீங்க போகப்போறோம். புள்ள முடிச்சுட்டு வரட்டும்."

அறைக்குத் திரும்பியபோது கூடத்தில் யாரோ ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கினாள். கீர்த்திவாசனின் தலைமாட்டில் இருந்த அம்மா ஞானசுந்தரி எழுந்தாள். அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு மறுபடி மகனருகே போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் ஒப்பாரி வைத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

இழுத்து, கேட்டு, மறுபடி இழுத்து. சஃப்வான் பின்னால் நின்றான். நாற்பத்தொன்றாவது சுரம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தாள். எதுவும் அண்ணன் சொன்ன இடமாகப் படவில்லை.

"தெரியலேன்னா அதைக் கோட்டுலயே விட்டுரலாம்மா. யாருக்கும் தெரியாது."

"முடியாது."

தனக்குப் பிடித்த இடத்தில் அதை வைத்தாள். அடுத்ததற்குப் போனாள்.

மூன்று நாற்பதுக்கு அனுப்பி முடித்தாள். சிக்னல் இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறை போனது.

வெளியே பனிமூட்டம் இறங்கி, காய்ச்சிய தோல் மறுபடி தொய்ந்திருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை; மாமாவும் வேலியோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிங்கண்ணா" என்றாள்.

வேலாமணி விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு குச்சியை நெருப்பில் போட்டார். தாரிணி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினாள். வலது கை விரல்கள் இன்னும் மௌஸைப் பிடித்ததுபோல் மடங்கியே இருந்தன.