பதினெட்டுப் பேர் தின்ற சத்தியம்

பன்றியைச் செய்தது ஆஸ்மஸ்தான். இரண்டு நாள் புளிக்க வைத்த மாவில், முன்னங்கால் மடக்கிப் படுத்திருக்கும் பன்றி. கண்ணுக்கு உலர்ந்த திராட்சை. முதுகு மயிருக்குக் கத்தரிக்கோலால் மாவைச் சின்னச் சின்னதாய் வெட்டி நிமிர்த்தியிருந்தான். தீவின் ஒரே ரொட்டிக்கடையில் இரவு வேலை அவனுக்கு. வேலை முடிந்ததும் அடுப்புச் சூடு ஆறுவதற்குள் சுட்டு எடுத்து, மேலே துண்டைப் போர்த்தி, சைக்கிள் கூடையில் வைத்துக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனான்.

அவன் பழைய தெய்வங்கள் பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அவனுக்கு எந்தத் தெய்வமும் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டான், கல்யாணத்தையும் பாதியில் விட்டான், யூட்லாந்துப் பெருநிலத்திலிருந்து படகேறி இந்தத் தீவுக்கு வந்து மாவு பிசைந்தான். ஒருநாள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த படையல் அழைப்புத் தாளைப் பார்த்துவிட்டுக் கால்நடை மருத்துவர் டோவேயின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்புக்குப் போனான். பத்துப் பதினைந்து பேர் நெருப்பைச் சுற்றி நின்று ஒரு கொம்பில் தேன்மது குடித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் கொடுத்தார்கள். யார் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கே அவர்கள் பக்கம் விழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தான். கழுத்தில் இடித் தெய்வம் தோரின் சுத்தியல் தொங்கியது. முழங்கையில் பச்சை குத்திக்கொண்டான். டோவேயின் முழங்கையில் பசு உதைத்த தழும்பு மட்டும்தான் இருந்தது.

டிசம்பரில் யூல் என்கிற நடுக்குளிர்காலப் பண்டிகை அன்று மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியது. பன்றியைப் பலகையில் வைத்து நடுவில் கொண்டுவந்தார்கள். ஃப்ரே தெய்வத்தின் பன்றி அது. அதன் முதுகில் கை வைத்து, வருகிற வருஷத்துக்கு ஆளுக்கொரு சத்தியம் செய்ய வேண்டும். எல்லோரும் செய்து முடித்ததும் அறுத்துத் தின்றுவிடுவார்கள். ஒருவன் சத்தியம் அத்தனை பேர் வயிற்றுக்குள்ளும் போய்விடும். அவன் தவறினால் அத்தனை பேர் அதிர்ஷ்டமும் கெடும். அதனால் சத்தியம் செய்கிறவனை டோவே மூன்று முறை கேட்பாள்.

படகில் கயிறு கட்டும் ஊஃபே முதலில் கை வைத்தான்.

"மார்ச் முடியறதுக்குள்ள மேற்குப் பக்கத்து வேலிய சரி பண்ணிடுவேன்."

"இதுதானா?" என்றாள் டோவே.

"மேற்குப் பக்கம் மட்டும்தான். தெக்குப் பக்கத்துக்கு என்னைக் கேக்காத."

சிரித்தார்கள். பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் பிரிட்டா, மாதம் இரண்டு முறை தங்கைக்கு போன் செய்வதாகச் சொன்னாள். "அவ எடுக்கலைன்னாலும். எடுக்க மாட்டா, கழுதை." இன்னொருவர் ஈஸ்டர் வரை புகைப்பதில்லை என்றார். மளிகைக்கடைச் சீட்டை வாசிப்பது போல இருந்தது ஆஸ்மஸுக்கு. இதற்கா தெய்வத்தின் பன்றி?

அவன் முறை வந்தபோது ஊஃபே வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"டேய் ஆஸ்மஸ், குளிர் முடியற வரைக்கும் இருப்பியா? போன தடவை ஒருத்தன் இப்படித்தான் வந்தான். ஆட்டுத்தோல் மத்தளம் வேற. பிப்ரவரியில முதல் படகுல ஓடிட்டான். மத்தளத்த விட்டுட்டான். அதுலதான் நான் உருளைக்கிழங்கு போட்டு வெச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்மஸும் சிரித்தான். காது சிவந்துவிட்டது. பன்றியின் முதுகில் கையை அழுத்தினான். அவன் வெட்டிய மயிர் உள்ளங்கையில் குத்தியது.

"அடுத்த யூல் வரைக்கும் இந்தத் தீவை விட்டு நான் வெளிய போக மாட்டேன்."

சிரிப்பு நின்றது.

"இதுதானா?" என்றாள் டோவே.

"இதுதான்."

"ஈஸ்டர் வரைக்கும்னு சொல்லலாம். அதுவே பெருசு. இதுதானா?"

"அடுத்த யூல் வரைக்கும்."

"மூணாவது தடவை கேக்கறேன். ஒரு வருஷங்கறது நீளம். இதுதானா?"

"ஆமா. இதுதான்."

டோவே கத்தியை எடுத்துப் பன்றியின் தலையை அறுத்தாள். பதினெட்டுப் பேர் தின்றார்கள். நல்ல ரொட்டி என்று பிரிட்டா சொன்னாள். அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மகள் சிக்னேயை அவன் மறந்துவிடவில்லை. ஆறு வயது நிரம்பப்போகிறவள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை அவளுடைய அம்மா ரிக்கே படகில் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவாள். அது நின்றுபோகும் என்று அவன் நினைக்கவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் கடற்கரையில் நடக்கும்போது சிக்னேயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். பள்ளிக்கூடம் சேருகிற முதல் நாள் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன் என்று. அது நினைவில் இருந்தது. ஆனால் பன்றியின் மேல் கை வைத்த நேரத்தில் ஆகஸ்ட் மாதம் ரொம்ப தூரத்தில் இருந்தது.

ஏப்ரலில் ரிக்கேயின் வேலை மாறியது. சனிக்கிழமைகளில் அவளால் வர முடியாது. "நீ வா. ஒண்ணரை மணி நேரம்தானே படகு," என்றாள்.

கடையில் ஆள் குறைவு என்று பொய் சொன்னான். அடுத்த முறை காய்ச்சல் என்றான். மே மாதம் உண்மையைச் சொன்னான்.

"யாருக்கு சத்தியம் பண்ணின?"

"அது... பன்றி மேல. எல்லாரும் சேந்து செய்யறது."

"ரொட்டிப் பன்றி."

"ரிக்கே, உனக்குப் புரியாது."

"ரொட்டிக்கு வாக்குக் குடுத்துட்டு, பெத்த பிள்ளையப் பாக்க வர மாட்டேங்கற. புரியுது. நல்லாவே புரியுது."

தீவு சுருங்கியது. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு சைக்கிளில் ஐம்பது நிமிடம். காலையில் வேலை முடிந்து தூக்கம் வராமல் இரு முனைக்கும் போய் வருவான். எங்கே திரும்பினாலும் தண்ணீர். ஜூனில் வெளியூர்க்காரர்கள் கும்பலாக வந்து இறங்கி, ஐஸ்கிரீம் தின்று, சலிப்பு வந்ததும் ஏறிப் போனார்கள். சலிப்பு வந்தால் போகலாம் என்பதே அவனுக்கு அதிசயமாகப் பட்டது. படகு ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதும். ஊதும்போதெல்லாம், தின்ற ரொட்டி ஆறு மாதமாகச் செரிக்காமல் கிடப்பது போல இருக்கும்.

படித்த புத்தகமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. சொல் தவறியவன் மனிதனே இல்லை, செத்த பிறகும் அவனுக்கு இடம் கிடையாது.

ஜூலையில் டோவேயிடம் போனான். அவள் ஒரு குதிரையின் குளம்பை மடியில் வைத்துச் சீழ் பிடித்த இடத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் அவன் நீ என்றுதான் பேசுவான். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான்.

"டோவே, என்னை அந்த சத்தியத்துலேர்ந்து விடுவிக்க முடியுமா?"

"முடியாது." அவள் நிமிரவே இல்லை. "நான் மட்டும் தின்னேன்னா யோசிக்கலாம். பதினெட்டு பேர் தின்னுட்டோம். எங்கேர்ந்து வெளிய எடுக்கறது?"

"சிக்னேக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்குது."

"தெரியும். இந்தக் கால கொஞ்சம் பிடி."

அவன் பிடித்தான். சீழ் நாறியது. வேறெதுவும் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு வேலை முடித்து, முகம் கழுவி, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்குப் போனான். ஆறு பத்துக்குப் படகு. அதில் ஏறினால் எட்டரைக்குப் பள்ளி வாசலில் நிற்கலாம். வானம் விடிந்து பளீரென்று இருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சிமென்ட் தரை முடிந்து படகின் இரும்புத் தட்டு தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றான்.

ஊஃபே கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"வர்றியா?"

ஆஸ்மஸ் மஞ்சள் கோட்டைப் பார்த்தான்.

"வர்றியா, இல்லையா? நேரமாச்சு."

அவன் தலையை ஆட்டினான். எப்படி ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இரும்புத் தட்டு மேலே ஏறியது. தண்ணீர் நுரைத்தது. படகு கண்ணுக்கு மறைகிற வரை அங்கேயே நின்றான். ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தான். நிமிரவில்லை.

ஒன்பது மணிக்கு ரிக்கே ஒரு படம் அனுப்பினாள், வார்த்தை எதுவும் இல்லாமல். பள்ளி வாசலில் இரண்டு பக்கமும் கொடிகள். சிக்னே முதுகை விடப் பெரிய பையோடு நிற்கிறாள். ஒரு கை அம்மா கையில். மறு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அறுவடைப் படையல். மாலை வெயிலில் தோப்பில் கூடினார்கள். கொம்பு சுற்றி வந்தது. அவன் கைக்கு வந்ததும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

"செவ்வாய்க்கிழமை என் பொண்ணுக்கு முதல் நாள் பள்ளிக்கூடம். நான் போகல. என் சொல்லைக் காப்பாத்தினேன்."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தான்.

"நீ போகலையா?" என்றாள் பிரிட்டா. "நெசமாவா? பள்ளிக்கூடக் கூட்டத்துல எங்கயோ நீ நின்னிருப்பன்னு இல்ல நெனச்சேன்."

"எப்படிப் போவேன்? சத்தியம்."

டோவே நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் பன்றி மேல கை வெச்சு ஒண்ணு சொன்னேன். என் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னு. அண்ணன் பொண்டாட்டி செத்தா. மிதிச்சேன். வந்து இங்க நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். எங்கிட்ட இருந்ததுலயே நல்ல சேணத்தைத் தெய்வத்துக்குத் தண்டமா கொண்டுபோய் சதுப்புல போட்டேன். ஒரு வருஷம் கொம்பு என்னைத் தாண்டித்தான் போச்சு. அதுக்கப்புறம் வந்துச்சு."

"தெக்கு வேலிச் சத்தியம் தவறினதுக்கு நான் என் நல்ல கோடாலிய போட்டேன்," என்றான் ஊஃபே. "அதனாலதான் இப்பல்லாம் மேற்கு மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்மஸ் கொம்பைக் கீழே இறக்கினான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"விடுவிக்க முடியுமான்னு கேட்ட. முடியாது. இப்பவும் முடியாது. மீறினா என்ன ஆகும்னு நீ கேக்கவே இல்ல."

"நீயா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்," என்றாள் டோவே. "உனக்கே தெரியும்னு நெனச்சேன். எங்க எல்லாரையும் விட நெறைய படிச்சவன் நீ."

"எங்களுக்காகவா நின்ன?" என்றான் ஊஃபே. குரலில் கேலி இல்லை, அதுதான் மோசமாக இருந்தது. "அன்னைக்கு மத்தளக்காரன் கதைய சொன்னேன்ல. அதுக்காக நின்ன. அவன் ஓடினதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

அன்றிலிருந்து அவன் மாட்டிக்கொண்டது இன்னும் இறுகியது. முன்பு வெளியே போக முடியாது. இப்போது போகலாம், ஆனால் போனால் அந்தச் செவ்வாய்க்கிழமை வீண். பெண்ணின் கையை விட்டதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும். போகாவிட்டால் டிசம்பர் வரை தினமும் அதே செவ்வாய்க்கிழமைதான். மாவு பிசையும்போது இந்தக் கணக்கையே பிசைந்தான். எந்தப் பக்கம் உருட்டினாலும் ஒட்டியது.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. விசேஷம் எதுவும் இல்லாத நாள். கடையிலிருந்து மாவுக் கறையோடு நேராகத் துறைக்கு நடந்தான். நின்றால் நின்றுவிடுவோம் என்று தெரியும், அதனால் நிற்காமல் நடந்து மஞ்சள் கோட்டைத் தாண்டினான். இரும்பு, காலுக்கடியில் லேசாக ஆடியது. இடி விழவில்லை.

ஊஃபே அவனுடைய சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். கை குலுக்கவில்லை.

"வெல தெரியும்ல?"

"தெரியும்."

"கொம்பு வராது. நான் பக்கத்துல நின்னாலும் தர மாட்டேன்."

"தெரியும் ஊஃபே."

"சதுப்புக்கு என்ன தர்றே?"

ஆஸ்மஸ் கழுத்தில் கிடந்த சுத்தியலைத் தொட்டான்.

"அது வேணாம்," என்றான் ஊஃபே. "அது தபால்ல வந்தது. குடுத்தா வலிக்கிறதா ஒண்ணு பாரு." கயிற்றைச் சுருட்டப் போய்விட்டான்.

பள்ளி விடும்போது வாசலில் நின்றான். சிக்னே இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள். ஓடி வரவில்லை. அந்தப் பெண்கள் போகிற வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக நடந்து வந்தாள். ஒரு முன்பல் விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"இன்னைக்கு எதுக்கு வந்த?" என்றாள்.

அவன் சட்டையில் இருந்த மாவுக் கறையைத் தட்டிவிட்டான்.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்லையே," என்றாள். பிறகு பையைக் கழற்றி நீட்டினாள். "கனமா இருக்கு."

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பட்டை சின்னது, அக்குளில் இறுக்கியது. இருவரும் ரிக்கேயின் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அவள் தன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தாள். நாலு மணிப் படகுக்கு அவன் திரும்ப வேண்டும்.

வீட்டுக் கதவருகே சிக்னே பையைத் திரும்ப வாங்கினாள்.

"இனிமே எப்பவும் வருவியா?"

எப்பவும் என்று வாய் வரை வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது. அவன் அதை விழுங்கினான்.

"வர்ற வியாழக்கிழமை வர்றேன்," என்றான். "பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு."

"வியாழக்கிழமை மட்டுமா?"

"வியாழக்கிழமை மட்டும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நெசமா?"

"நெசமா."

அவள் மூன்றாவது முறையும் கேட்பாள் என்று நின்றான். கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.