பெயிண்ட் காயும் வரை

பள்ளியில் ஆண்டுதோறும் நான் சொல்லிவந்த வாத்துக் கதை ஒன்று உண்டு. நரி வந்தால் அடிப்பதற்கென்று ஒரு மணி வைத்திருந்த வாத்துகள், விழாவுக்காக அதைக் கழற்றித் துலக்கக் கொடுத்தன. அன்றைக்குத்தான் நரி வந்தது. கதை முடிந்ததும் பிள்ளைகள் நரியைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். "மணியைக் கழற்றச் சொன்னது எந்த வாத்து?" என்றுதான் கேட்பார்கள். கதையில் வாத்துகளுக்குப் பெயர் கிடையாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எங்கள் சிற்றூரான நெதர் கெல்டனில் எல்லோருக்கும் பெயர் உண்டு.

அழகாகப் பேணப்படும் சிற்றூருக்கான போட்டியின் நடுவர்கள் ஜூன் மாதத்தில் எந்த நாளில் வருவார்கள் என்பதைச் சொல்வதில்லை. யாரோ வழிப்போக்கர்கள்போல் வந்து, பேருந்து நிழற்குடையையும் குளத்தையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே ஜூன் முழுவதும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு பக்கத்து ஊரான ஆப்டனிடம் நாங்கள் தோற்றோம். தொலைபேசிக் கூண்டின் சிவப்பு வெளிறிக் கிடக்கிறது என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஊர்மன்றத் தலைவர் பெரில் ஆஷ்கோம் அதைத் தம் முகத்தைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கூண்டில் இப்போது தொலைபேசி இல்லை. உள்ளே ஒரு மஞ்சள் பெட்டி. அதற்குள் நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்பும் கருவி. கிளெனிஸ் பிரைக் இரண்டு கோடைக்காலம் கேக் சுட்டு விற்றுத்தான் அதை ஊருக்கு வாங்கித் தந்தார். அவருடைய கணவர் டெஸ்மண்ட்தான் ஊரின் கை. புல் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, கம்பம் நடக் குழி தோண்டுவது எல்லாம் அவர் வேலை. கூண்டுக்குப் பெயிண்ட் அடிக்கவும் அவரைத்தான் பெரில் அழைத்தார். ஒரு சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. மன்றத்தின் துணைத் தலைவரான விவசாயி ட்ரெவர் லம்ப் ஏணி கொண்டுவந்து கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டின்போது டெஸ்மண்ட் சொன்னதைக் கிளெனிஸ் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"அந்தக் கருவியையும் எடுத்தாச்சு. நம்ம பெரில் மகாராணி உத்தரவு. மேல பெயிண்ட் சொட்டிடுமாம். ஊர் மண்டபத்துச் சமையலறையில வச்சுப் பூட்டிட்டு, சாவிய அவங்க கையிலயே குடுத்துட்டேன்."

"அதுக்குள்ள யாருக்காவது ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"திங்கக்கிழம வரைக்கும் யாரும் சாகக் கூடாதுன்னு மன்றத்துல ஒரு தீர்மானம் போடச் சொல்றேன், போதுமா?"

இருவரும் சிரித்தார்களாம்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் பாதிரியாருக்கு ஆறு தேவாலயங்கள். வழிபாடு முறைவைத்து ஒவ்வோர் ஊரிலும் நடக்கும். அந்த வாரம் ஆப்டனின் முறை என்பதால் ஊரிலிருந்த கார்களெல்லாம் அங்கே போய்விட்டன. முழங்கால் வலியால் நான் போகவில்லை. டெஸ்மண்ட், நடுவர்கள் கண்ணில் படுமே என்று, தம் வீட்டு வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரியின் சத்தம் நின்றது. பிறகு கிளெனிஸின் குரல் கேட்டது.

நான் தெருவைக் கடந்து போய் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். கிளெனிஸ் ஆம்புலன்சை அழைத்தார். தொலைபேசியில் பேசிய பெண், பக்கத்திலேயே கூண்டில் கருவி இருக்கிறது, ஓடிப்போய் எடுத்துவாருங்கள் என்றாள். கருவி அங்கே இல்லை என்பதை அவளுடைய அலுவலகத்துக்கு யாரும் தெரிவித்திருக்கவில்லை. அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லை. அறுபத்தெட்டு வயதான கிளெனிஸ் ஓடினார்.

"எனக்குத் தெரியும் வாத்தியாரே," என்று அடக்கம் முடிந்த அன்று என்னிடம் சொன்னார். "அது மண்டபத்துல இருக்குன்னு அவரே சொன்னாரே. ஆனா அந்தப் பொண்ணு கூண்டுன்னு சொன்னதும் என் காலு அங்கதான் போச்சு. கதவ இழுத்து, அந்த வெறும் பெட்டியப் பாத்தப்புறந்தான் புத்தி வந்துது."

மண்டபம் பூட்டியிருந்தது. சாவி ஆப்டன் தேவாலயத்தில், பெரிலின் கைப்பையில், அணைத்துவைத்த கைப்பேசிக்குப் பக்கத்தில் இருந்தது. கிளெனிஸ் ஒரு பூந்தொட்டியைத் தூக்கிச் சமையலறைச் சன்னலை உடைத்து, உள்ளே ஏறிக் கருவியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கைகளில் இருந்த சிவப்பில் எது பெயிண்ட், எது இரத்தம் என்று பிரித்தறிய முடியவில்லை. கருவியை டெஸ்மண்டின் நெஞ்சில் பொருத்தினோம். அது சிறிது நேரம் யோசித்தது. பிறகு, பாடம் நடத்தும் ஆசிரியை போன்ற சாந்தமான குரலில், அதிர்ச்சி கொடுக்க வேண்டியதில்லை என்றது. எழுப்புவதற்கு அந்த நெஞ்சில் துடிப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஜூலை மாத ஊர்ச் செய்தி மடல் எல்லார் வீட்டுக் கதவுக்குள்ளும் விழுந்தது. முதலில் இரங்கல். அடுத்து, "பெயிண்ட் வேலையின்போது கருவி, காலஞ்சென்ற திரு. டெஸ்மண்ட் பிரைக் அவர்களால் தற்காலிகமாக இடம் மாற்றப்பட்டிருந்தது" என்று ஒரு வரி. மண்டபத்துச் சன்னல் சீர் செய்யப்பட்டதாக ஒரு வரி. அதன்கீழ் பெரிய எழுத்தில் மகிழ்ச்சிச் செய்தி: நெதர் கெல்டனுக்கு முதல் பரிசு. புதிதாகப் பெயிண்ட் அடித்த கூண்டை நடுவர்கள் தனியே பாராட்டியிருந்தார்கள்.

மதுக்கடையில் பேச்சு ஒரே மாதிரிதான் இருந்தது. "பாவம், தன் உயிரத் தானே பூட்டி வச்சுட்டான்." தபால் நிலையத்தில் ஒரு பெண் கிளெனிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு வேணும்னா செஞ்சாரு? மனசப் போட்டு வருத்திக்காதீங்க," என்றாள். மற்ற எதையும்விட அந்த ஆறுதலைத்தான் கிளெனிஸால் தாங்க முடியவில்லை.

நான் ட்ரெவரின் பண்ணைக்குப் போனேன்.

"ஏணி கொண்டுபோனப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"எடுக்கச் சொன்னது பெரில்தானே?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப, குளிர்காலம் பூரா தினம் சூப்பு காய்ச்சிக் கொண்டுவந்து ஊட்டினவ பெரில். இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க வாத்தியாரே."

மண்டபத்தில் நடக்கும் மன்றக் கூட்டத்தில் முதல் சில நிமிடங்கள் பொதுமக்களுக்கு உரியவை. ஆளுக்கு ஒரு தடவை பேசலாம். மன்றம் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை; பொருள் நிரலில் இல்லாத எதையும் முடிவு செய்யவும் கூடாது. அந்த மாதக் கூட்டத்தில் கிளெனிஸ் மடலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இதுல என் வீட்டுக்காரர் பேரு போட்டிருக்கு. எடுத்தது அவருதான். அத நான் இல்லேன்னு சொல்லல. எடுக்கச் சொன்னது யாரு? அந்தப் பேரையும் அச்சடிங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"உன் துக்கத்துல மன்றம் முழுசும் பங்கெடுத்துக்குது, கிளெனிஸ்," என்றார் பெரில். "நீ சொன்னதக் குறிச்சுக்கிட்டோம்."

"குறிச்சுக்க வேணாம். சொல்லு."

"நிரல்ல இல்லாததுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. விதி அப்படி."

"டெஸ்மண்ட் செத்ததும் நிரல்ல இல்லதான், தலைவரே."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி விழுங்கிக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"வாத்தியாரே, நாய் அசிங்கத்தப் பத்தி நீங்க ஏற்கெனவே பேசியாச்சு," என்றார் பெரில். "ஆளுக்கு ஒரு தடவதான்."

உண்மைதான், பேசியிருந்தேன். ட்ரெவரைப் பார்த்தேன். அவர் சமையலறைச் சன்னலின் புதுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பொருள், பரிசுப் பலகையை எங்கே நடுவது என்பது. குளக்கரையில் என்று முடிவாயிற்று. "குழி தோண்ட யார் வர்றீங்க?" என்று பெரில் கேட்டார். எல்லாத் தலைகளும், டெஸ்மண்ட் வழக்கமாக உட்காரும் கடைசி நாற்காலியின் பக்கம் திரும்பி, உடனே விலகிக்கொண்டன.

கிளெனிஸ் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார். "கடப்பாரை எங்க கொட்டகையிலதான் இருக்கு. ஊருச் சொத்து. யாருக்கு வேணுமோ வந்து வாங்கிக்குங்க. வரும்போது பதிலையும் கொண்டுவாங்க."

ஒருவரும் போகவில்லை. ட்ரெவரின் பண்ணையில் கடப்பாரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், தம்முடையது வளைந்துவிட்டது என்று அவர் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு பிற்பகல் பெரில் கிளெனிஸைத் தேடி வந்தார். கிளெனிஸ் வீட்டு வேலி, பாதி கத்தரித்து நின்ற நாளிலிருந்து அப்படியே வளர்ந்து, ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருந்தது. நான் என் வாசலில் ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குறுகிய தெரு; கேட்காமல் இருக்க வழியில்லை.

"நான்தான் கிளெனிஸ். எடுத்து உள்ள வைன்னு நான்தான் சொன்னேன். படுத்தா அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது."

"எனக்குத் தெரியும் பெரில். எனக்கு எதுக்குச் சொல்ற? மண்டபத்துல சொல்லு. மடல்ல எழுது."

"எழுதினா இந்த ஊருல நான் எப்படித் தலைகாட்டுவேன்?"

"இப்ப அவரு பேரு எப்படித் தலைகாட்டுதோ, அப்படி."

பெரில் அழுதார். கிளெனிஸ் அவர் அழுது முடிக்கும்வரை நின்றார். கதவை முகத்தில் அறைந்து சாத்தவில்லை. "தேநீர் வேணுமா?" என்றுகூடக் கேட்டார். பெரில் தலையை அசைத்து மறுத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

அக்டோபர் மடலில் ஒரு நன்றி அறிவிப்பு இருந்தது. உடல்நலம் கருதித் தலைவர் பொறுப்பிலிருந்து விலகும் திருமதி பெரில் ஆஷ்கோம் அவர்களின் நீண்ட தொண்டை மன்றம் போற்றுகிறது, திரு. ட்ரெவர் லம்ப் பொறுப்பேற்கிறார். சருகு அள்ளுவதைப் பற்றி ஒரு வரி, சாலையில் பனி உறைந்தால் தூவுவதற்கு உப்பு வந்திருப்பதைப் பற்றி ஒரு வரி. வேறொன்றும் இல்லை. பெரில் இப்போது காய்கறி வாங்குவதற்குக்கூட ஆப்டனுக்குத்தான் போகிறார். பொன்னெழுத்துப் பொறித்த ஓக் மரப் பரிசுப் பலகை, அந்தக் கருவியை வைத்திருந்த மண்டபத்துச் சமையலறை அலமாரியிலேயே சாத்திவைக்கப்பட்டிருக்கிறது.

கருவி கூண்டுக்குத் திரும்பிவிட்டது. கதவின் சிவப்பில், அன்று கிளெனிஸ் இழுத்த ஐந்து விரல்களும் பதிந்து அப்படியே காய்ந்திருக்கின்றன. மறுபடி ஒரு பூச்சு கொடுக்க ஆள் இல்லை. பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒருவர் தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று நவம்பர் மடலில் கேட்டிருந்தார்கள்.

யாரும் பெயர் கொடுக்கவில்லை. கிளெனிஸும் கொடுக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.