சூட்டுக்கொட்டை

அந்த 1967 ஆடியில் விதைத்த கழற்சி முளைக்கவே இல்லை. சின்னச்சாமி தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தான், சாணத்தில் புதைத்துப் பார்த்தான். தோண்டினால் கொட்டைகள் போட்டபடியே சாம்பல் நிறத்தில் பளபளத்துக் கிடந்தன.

"என்னப்பா, கோலிக்குண்டையா விதைச்ச?" என்று சிரித்தார் அல்லாபிச்சை. காரைக்குடியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருப்பவர். கண்டனூரில் அவருடைய நிலத்தில்தான் சின்னச்சாமி மூலிகை போட்டான். "மழைக்கு முந்தி வேலி நெடுகக் கழற்சி நிக்கணும். இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும், ஆமா."

சின்னச்சாமியும் அவன் மனைவி ஒச்சம்மாளும் அந்தத் தோட்டத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் காவலுக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சிக்குத்தான் வருவார்கள்.

மத்தியான வெயில் முற்றத்தில் இறங்கும்போது முன்வாசல் படியிலிருந்து அந்தச் சத்தம் வரும். சரக், சரக். மகள் சிட்டாள் கழற்சிக்கொட்டையைக் கல்லில் தேய்க்கிற சத்தம். சூடேறியதும் ஓசையில்லாமல் பின்னால் வந்து அம்மாவின் கையில் வைத்து இழுப்பாள். "அடி சனியனே!" என்று ஒச்சம்மாள் விரட்டுவாள்.

சிட்டாள் காய்ச்சலில் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. ஒச்சம்மாள் புருசனிடம் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூட்டிவந்து அதையும் ஓட்டிவிடுவான் என்று பயந்தாள்.

ஒருநாள் காலையில் ஒரே ஒரு முளை தலைகாட்டியிருந்தது. சின்னச்சாமி மண்ணை விலக்கினான். வெடித்த ஓட்டின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. சிட்டாள் தேய்த்த கொட்டை. எப்படியோ விதைச் சாக்கில் கலந்திருக்கிறது.

"தேஞ்ச பக்கமாத் தண்ணி உள்ள போயிருக்கு," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "மாடத்துல வச்சிருக்கியே, புள்ள தேய்ச்சது... அதுகளையும் குடு. போட்டா முளைச்சிரும்."

"ஒண்ணை மண்ணுக்குக் குடுத்தது போதாதா?" என்றாள் ஒச்சம்மாள். "அதுகளைத் தொடாதீக. வேற கொட்டை நானே தேய்ச்சுத் தாரேன்."

மத்தியானம் சாக்கை இழுத்துக்கொண்டு முன்வாசல் படிக்குப் போனாள். கல்லில் மகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய இடம் இருந்தது. அங்கேயே வைத்துத் தேய்த்தாள். அதே சத்தம் வந்தது. கொட்டை சுட்டது. முழங்கைக்கு உள்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டு வாய்வரை வந்தது. விரட்டத்தான் யாருமில்லை. மறுபடி தேய்த்தாள்.

தோட்டத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தான் சின்னச்சாமி. அவளைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயா?" என்றான். "தெனம் மத்தியானம் நீதான் தேய்ச்சியா?"

அவள் கை நின்றது. "உங்களுக்கும் கேக்குதா?"

அவன் படியில் உட்கார்ந்தான்.

"நான் இன்னிக்குத்தான் தேய்க்கிறேன்," என்றாள்.

இருவரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். வெயில் படியில் ஏறியது. அந்தச் சத்தம் வரவே இல்லை.

"நிப்பாட்டாத," என்றான் சின்னச்சாமி. "தேயி."