ஆறு வாரப் புல்வெளி

அக்டோபர் 14, செவ்வாய்.

ஒரு சிறு தவறு. எங்கள் கல்லூரியின் நடுப் புல்வெளியில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பட்டம் கிடைக்காது. அடிமைத்தளையிலிருந்து மீண்ட முதல் கறுப்பின மாணவர்கள் அங்கே மண்டியிட்டு ஜெபித்ததால்தான் இந்த விதி என்று வரலாற்றுக் கட்டுரையில் எழுதியிருந்தேன். ஆதாரம், என் அறைத்தோழன் கார்னீலியஸ். இன்று விசாரித்தேன். அவனுக்கு அதைச் சொன்னது நான்தானாம்.

பதினோரு பக்கம் எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இதில் தேறாவிட்டால், புல்லை மிதிக்காமலேயே எனக்கு மே மாதப் பட்டம் போய்விடும்.

மதியம் ஆவண அறையில் 1921ஆம் ஆண்டின் கல்லூரி நிர்வாகக் கூட்டக் குறிப்பு ஒன்று கிடைத்தது. ‘புல் விதை தூவியிருக்கிறது. வேர்பிடிக்க ஆறு வாரம் ஆகும். அதுவரை மாணவர்கள் சுற்றிப் போகவும்.’ அவ்வளவுதான். மூன்று முறை படித்தேன்.

மாலை வகுப்பில் தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினேன்.

“டேய் பெட்வே!” கார்னீலியஸ் எழுந்தே விட்டான். “முதல் வருஷம் ஒத்தக் கால் அதுல பட்டதுக்கு, என்னை முட்டி போட்டு காலேஜ் பாட்டைப் பாட வெச்சாங்கடா. விதைக்காகவா?”

“நாலு தடவை பாடினே. மூணாவது சரணம் உனக்குத் தெரியலையே,” என்றேன்.

பேராசிரியர் ஹால்சியும் இங்கே படித்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாப்பத்தாறு வருஷமா சுத்திப் போறேன், மிஸ்டர் பெட்வே. எவ்வளவு வீண் நடைன்னு அளந்திருப்பீங்களே?”

“ஒரு தடவைக்குத் தொண்ணூத்தி நாலு தப்படி சார். ரெண்டு தரம் அளந்தேன். தப்பாவும் இருக்கலாம்.”

வகுப்பே சிரித்தது.

“ஜெபத்தை எடுத்துட்டு விதையை எழுதுங்க,” என்றார். “ஆனா பழைய மாணவர்கள்கிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

வெளியே நல்ல மழை. அவருடைய கார் புல்வெளிக்கு அந்தப் பக்கம் நின்றது. குடை யாரிடமும் இல்லை. எல்லோரும் ஓரத்தில் நின்று புல்லைப் பார்த்தோம்.

“போங்க சார், வெறும் புல்லுதானே,” என்றான் கார்னீலியஸ்.

“முதல்ல நீங்க போங்க, பிரதர்.”

“நான் இன்னும் பட்டம் வாங்கலையே சார். நீங்கதான் வாங்கியாச்சே.”

“திருப்பி வாங்கிட்டாங்கன்னா?”

சுற்றியே போனோம். நனைந்துகொண்டே எண்ணினேன். தொண்ணூற்றாறு தப்படி. நான் சொன்ன கணக்கும் தவறு.

நாளை மதிய இடைவேளையில், ஆறு வாரம் முடிந்ததும் யாராவது அந்தத் தடையை நீக்கினார்களா என்று 1921இன் மீதிக் குறிப்புகளில் பார்க்க வேண்டும். பிறகு, முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும்.