மூன்று முப்பதுகள்

முழு மாரத்தானுக்கு எப்போது பெயர் கொடுக்கலாம் என்று யார் கேட்டாலும் பிசியோ சாரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"மூணு முப்பது. முப்பது கிலோமீட்டர், மூணு தடவை, நடுவுல நடக்காம ஓடி முடிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

ஆஸ்பத்திரி ஊழியர்கள் பதினோரு பேரைச் சேர்த்து அவர் ஒரு ஓட்டக் குழு நடத்திவந்தார். அதில் அந்த மூன்று முப்பதையும் தொட்டவர்கள் அதுவரை இரண்டே பேர். மூன்றாவதாகத் தொட்டவள் ஈ.சி.ஜி. அக்கா.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினேழு வருடமாக ஒரே அறையில் வேலை. ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு திரை, சக்கரம் வைத்த மேஜையில் இயந்திரம். படுத்திருப்பவரின் கை கால்களில் நான்கு கிளிப்புகளை மாட்டி, நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்களை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால், கட்டம் போட்ட தாளில் இதயத்தின் கோடு வெளியே வரும். டாக்டர்கள் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது. "டாக்டர் பாத்து சொல்லுவாங்க" என்பதை நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். முகத்தில் எதையும் காட்டாமல் அதைச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஓட வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னதால் நடக்கப் போனாள். நடை சலித்துப்போய் ஒருநாள் ஓடிப் பார்த்தாள். ஓடுகிற நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை, எதையும் எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். தொடக்கத்தில் கிண்டலடித்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல இத்தனை லிஃப்ட்டு ஓடுது, பாத்துக்கறதுக்கு நானும் இருக்கேன். நீ ஏன் கெடந்து ஓடுற?"

"லிஃப்ட்டு மேலயும் கீழயும்தான் போகும். நான் நேரா போறேன்."

கிண்டலடித்தவனே இரண்டு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு வண்டியில் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே வர ஆரம்பித்தான். மகளுக்கு வயது பதினைந்து. பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது, படியை இரண்டிரண்டாகத்தான் தாண்டுவாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அப்பாவின் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு இறங்கி அம்மாவோடு ஓடுவாள். ஓடி முடிக்கும் இடத்துக்கு அம்மாவை முந்திப்போய், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னிக்கே வந்துடுவியா, நாளைக்கா?" என்று கேட்பாள்.

முதல் முப்பது முயற்சி இருபத்துநான்கில் முடிந்துபோனது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். உப்பு குறைந்திருக்கும் என்றார் பிசியோ சார். அடுத்த மாதம் முடித்தாள். அதற்கடுத்த மாதமும் முடித்தாள். மூன்றாவது தடவை, இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், யாரோ நெஞ்சுக்குள் முழங்கையை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. வேகத்தைக் குறைத்தாள், போய்விட்டது. வாலு பக்கத்தில் ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள். இவள் அதைப்பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பிசியோ சார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி கேள்வியே இல்ல. நீங்க தயார். சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிட்டா பேர் கொடுத்துடலாம்."

ஓடுபவர்கள் ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும் என்பது போட்டி நடத்துபவர்களின் விதி. வருடாவருடம் அதற்காக வரும் நூற்றுக்கணக்கான பேருக்கு எடுத்துத் தந்தவள் அவள்தான். தனக்கு என்று ஒருநாளும் எடுத்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு தானே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படுத்தாள். கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். தாள் வந்தது. மேலே சின்ன மேடாக எழும்ப வேண்டிய அலை, ஒவ்வொரு துடிப்பிலும் கீழே குழியாகத் தொங்கியது. ஆழமான குழி. குமிழ் இடம் மாறியிருக்கும் என்று நினைத்து மாற்றி ஒட்டினாள். மறுபடியும் அதே குழிதான். வயர் பழசு என்று வேறு வயர் மாட்டினாள். அப்போதும் மாறவில்லை.

வெளியே வராந்தா துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்காவைக் கூப்பிட்டாள். "மெஷினு சரியா இருக்கான்னு பாக்கணும்க்கா, ரெண்டு நிமிஷம் படுத்துக்கோங்க." அவளுடைய கோடு பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல வந்தது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அவளுக்கு அண்ணன் நினைவு வந்தது. முப்பத்தாறு வயதில், கம்பெனி விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும்போது கீழே விழுந்தவன். வெயில் தாங்கவில்லை என்றார்கள். அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று அண்ணி அழுததால் யாரும் வற்புறுத்தவில்லை. அப்போதே அவள் இந்த அறையில் ஐந்து வருட வேலை பார்த்திருந்தாள். வெயில் என்று சொன்னதை அவளும் அன்று ஏற்றுக்கொண்டாள்.

தொடர்ந்து பயிற்சி எடுப்பவர்களின் இதயம் சிலசமயம் தாளில் இப்படிக் கோணலாகத் தெரியும் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டாள். இந்த இதயம் மூன்று முப்பது ஓடியிருக்கிறது, தாள் என்ன ஓடியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துப்புரவு அக்காவின் தாளில் தன் பெயரையும் வயதையும் எழுதினாள். தன்னுடையதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பணியில் இருந்த டாக்டர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, "கலக்குங்கக்கா" என்றார். சாயங்காலமே பெயர் பதிந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு ஓடினாள். ஏழிலும் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு வாலு கூட ஓடினாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது, பள்ளிச் சீருடையோடு வாலு ஈ.சி.ஜி. அறைக்கு வந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கையில் ஒரு படிவம்.

"ஈ.சி.ஜி. கேக்கறாங்கம்மா. நீயே எடுத்துடு. வேற யார்கிட்டயாவதுன்னா கூச்சமா இருக்கும்."

படிவத்தை வாங்கிப் படித்தாள். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நாளைக்குக் கடைசித் தேதி என்றாள் மகள். ஏற்கெனவே ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தாள். குமிழ் ஒட்டும்போது கூசுகிறது என்று நெளிந்து சிரித்தாள். அவள் அடங்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

தாள் வந்தது. இவளுடையதைவிடக் குழி ஆழம் குறைவு. ஆனால் அதே இடத்தில், அதே வடிவில் இருந்தது. மகளுக்குத் தன் மூக்கு, தன் நெற்றி என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் தேடித் தேடிப் பார்த்தும் அவளுக்குத் தெரிந்ததில்லை. இதில் தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"டாக்டர் பாத்து சொல்லுவாங்க."

வாலு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "என்கிட்டயேவா?"

வராந்தாவில் துப்புரவு அக்கா வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வருவாள். அந்த நினைப்பு ஒரு நொடி வந்துபோனது என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு இதய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு...?"

"எங்கண்ணன்."

"அப்ப உங்களுக்கும் எடுத்துப் பாக்கணும்."

கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா அதை விரித்தார். குழிகளைப் பார்த்தார், பிறகு மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ரெண்டு பேருக்கும் இன்னிக்கே எக்கோ எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

எக்கோவில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இதயத்தின் நடுச்சுவர் இரண்டு பேருக்கும் தடித்திருந்தது. பரம்பரையாக வருவது. தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, தேவைப்பட்டால் பிற்காலத்தில் நெஞ்சில் ஒரு கருவி. நடக்கலாம். ஓட்டம் வேண்டாம், பந்தும் வேண்டாம்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று வாலு கேட்டாள்.

"இது சரியாகிப் போற விஷயம் இல்லம்மா. கூடவே வெச்சுக்கிட்டு இருக்கற விஷயம்."

வாலு தலையாட்டினாள். வகுப்பில் புரியாததைப் புரிந்ததாகக் காட்டத் தலையாட்டுவது போலிருந்தது.

சாயங்காலம் கணவன் எண்ணெய்க் கறைக் கையோடு வந்தவன், கை கழுவாமலே இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தான். அவனுக்குக் கோடுகள் புரியவில்லை. தேதி புரிந்தது.

"இதை எடுத்து ஏழு வாரம் ஆச்சு."

"ஆமா."

"ஏழு வாரமும் அவ உன்கூட ஓடினா."

அவள் அவன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"நான் பின்னாடியே வண்டில வந்தேன். தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு." அவன் குரலை உயர்த்தவில்லை. தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிசியோ சாரிடம் அவளே போய்ச் சொன்னாள், சான்றிதழ் விஷயம் உட்பட. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "நீங்க தயார்னு நான்தானே சொன்னேன்" என்றார். குழுப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். அதற்குப் பிறகு வராந்தாவில் எதிரே வந்தால் தலையை லேசாக அசைத்துவிட்டு வேகமாகத் தாண்டிப்போய்விடுவார். மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். தெரியவரும் என்று அவள் தினமும் எதிர்பார்த்தாள்.

மாரத்தான் நடந்த ஞாயிற்றுக்கிழமை கணவன் காலையிலேயே எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கிளம்பிப் போனான். போன் ஏதும் வந்ததாக அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வாலு வந்து நிலைக்கதவில் சாய்ந்தாள். பத்து நாளில் அவள் பேசிய சொற்களை எண்ணிவிடலாம்.

"நான் அந்த ஃபார்மைக் கொண்டு வரலன்னா, இன்னிக்கு நீ ஓடிட்டிருப்ப. இல்ல?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அவள் முகத்தில் பொய் தெரியாது.

"ஓடியிருப்பேன்."

"கடைசி மூணு கிலோமீட்டர் நானும் வர்றதா இருந்துச்சு."

"ஆமா."

"வரட்டும்னு விட்டிருப்ப."

எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், உனக்கும் இருக்கும் என்று நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணனுக்கு இருந்தது தனக்கு வந்திருக்கும் என்று தெரிந்தவளுக்கு, தன்னிடமிருந்து எங்கே போகும் என்று தெரியாதா? தெரியும். ஏழு வாரமும் அந்த ஒரு படி மட்டும் யோசிக்காமல் இருந்தாள். அதை எந்த வார்த்தையில் சொன்னாலும் ஒன்றுதான்.

வாலு தன் அறைக்குப் போனாள். கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

ஒன்பது மணிக்கு மாத்திரை. தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே அசைவே இல்லை. தட்டக் கை எழுந்தது. தட்டாமல், மரத்தில் காதை வைத்து, உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நின்றாள்.