காலில் கட்டிய மணி

மில் மூடியதற்குக் காரணம் என் கால்தான் என்று செல்வாம்பாள் அத்தை சொன்னபோது, அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கதவடைப்பு அறிவித்த முதலாளியை விட்டுவிட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த சங்கத்துக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். முதலியார்பேட்டையில் அத்தனை வீட்டுச் சோற்றையும் பதினைந்து வயது தனக்கொடியின் கால்தான் தட்டிவிட்டதாம்.

"உக்காந்துக்கினு காலாட்டுனா குடும்பம் ஆடிப்போவும்னு எத்தினி வாட்டிடி சொல்றது?"

நானா ஆட்டுகிறேன்? பொழுது சாய்ந்து பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊறும். ஆட்டினால் கொஞ்சம் அடங்கும். எழுந்து நடந்தால் இன்னும் அடங்கும், ஆனால் வயசுப்பெண் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் நடக்கக்கூடாது. ஆட்டினால் காதில் விழட்டும் என்று அத்தை தன் பழைய முத்துக் கொலுசை என் காலில் மாட்டிவிட்டாள். மாட்டுக்குத்தான் அப்படி மணி கட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தைக்குத் தெரியாமல் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா பொண்ணுக்கு. அதான் காலு இப்படிப் பரபரங்குது. மாத்திரை தரேன், ஈரலு, கீரைன்னு நல்லாக் குடுங்க. வீட்ல என்ன சாப்புடுது இது?"

அம்மா தரையைப் பார்த்தாள். எல்லோரும் தின்றபின் சட்டியில் மிஞ்சுவதுதான் எங்கள் இருவருக்கும் என்று எப்படிச் சொல்வாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அடம்பிடித்து ஈரல் வாங்கிவரச் செய்தாள். காலையில் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்குப் போன அப்பா திரும்பியபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா என்னையும் ஆண்களோடு சாப்பிட உட்காரவைத்தாள். அத்தை கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு வைத்தாள். பந்து விளையாடுகிற பிள்ளையென்று அண்ணன் வடிவேலுக்கு மிச்சத்தையெல்லாம் வைத்தாள். என் தட்டில் சட்டி மசாலாவை வழித்துப் போட்டாள்.

"அவளுக்குன்னுதான் வாங்கியாரச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஈரலு? தெம்பா காலாட்டவா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

காலுக்குள் ஊறத் தொடங்கியது. எப்போதும் பல்லைக் கடித்து அடக்கப் பார்ப்பேன். அன்று மடக்கியிருந்த காலை நீட்டி, ஆடட்டும் என்று விட்டேன். கொலுசுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அத்தை முறைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே இன்னும் வேகமாக ஆட்டினேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வடிவேல் வாய்க்குக் கொண்டுபோன ஈரல் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தான்.