தந்தையின் நிலை

சின்னராசா தன் கைப்பேசியை ஜெயந்தினியின் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் மனைவி மீனம்மா கதவருகிலேயே நின்றாள். ஹட்டன் நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கியது அந்த அறக்கட்டளை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற தமிழர்களிடம் உதவி பெற்றுக் கொடுப்பது அதன் பணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இணையத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது ஜெயந்தினியின் வேலை. கைப்பேசியில் திறந்திருந்ததும் அப்படியொரு பக்கம்தான். சுதர்ஷினி, தரம் பதினொன்று, றொசல்லவுக்கு அருகே ஒரு தோட்டம். வெள்ளைச் சீருடையில் ஒரு படம். படத்தின் கீழே தடித்த எழுத்தில், 'தந்தையால் கைவிடப்பட்ட மாணவி.'

"இத யாருங்க மிஸ் எழுதுனது?" என்றார் சின்னராசா. குரலில் கோபம் இருந்திருந்தால் ஜெயந்தினிக்கு இலகுவாக இருந்திருக்கும். "நா கொட்டாஞ்சேனையில பேக்கரியில பாண் போடுறேன். கூட வேல செய்ற பையன்தான் இத காட்டுனான். அண்ணே, நீங்க வீட்ட விட்டு ஓடிட்டீங்களாமேன்னு சிரிக்கிறான். செத்துட்டேன்னு போட்டிருந்தாக்கூட பரவால்லங்க. செத்தவன யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"புள்ள பள்ளிக்கொடம் போக மாட்டேங்குது மிஸ்" என்றாள் மீனம்மா. "கிளாஸ்ல எல்லாரும் போன்ல பாத்துட்டாங்களாம். சோதனை வேற வருது. அந்த வரி அங்க இருக்கிற வரைக்கும் போக மாட்டேன்னு சுருண்டு படுத்திருக்கு."

அந்த வரி எப்படி வந்தது என்று ஜெயந்தினிக்குத் தெரியும். விவரம் பதிகிற இடத்தில் 'தந்தையின் நிலை' என்று ஒரு கேள்வி. அதற்கு இரண்டே கட்டங்கள்: குடும்பத்துடன் வாழ்கிறார், வாழவில்லை. களப்பணியாளர் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய், அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்பார். இல்லை, கொழும்பில் என்று பிள்ளை சொல்லும். இரண்டாவது கட்டத்தில் அடையாளம் விழும். இரண்டாவது கட்டத்தில் விழுந்தால் பக்கத்தில் என்ன வாசகம் தோன்ற வேண்டும் என்பதை, தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் எங்கோ ஒரு நகரத்தில் இருந்து தீர்மானித்திருந்தார். அந்த நகரத்தில் வீட்டில் இல்லாத தகப்பன் விட்டுப்போன தகப்பனாக இருக்கலாம். இந்த மலைகளில் அப்படியில்லை. இங்கே அடுப்பு எரிகிற வீடுகளில் பாதியில், தகப்பன் கொழும்பில் ஒரு கடையிலோ ஹோட்டலிலோ காவல் கூண்டிலோ நிற்பதால்தான் எரிகிறது. ஜெயந்தினியின் தகப்பனும் அவள் படித்த காலமெல்லாம் கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நின்றவர்தான். அவளுடைய பரிசளிப்பு விழாவுக்கு இரவுக் காவல் முடித்த கையோடு ரயிலேறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவள் பெயரை வாசித்தபோது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கத்தைவிடப் பெரிய கைதட்டலை அவள் பிறகு எங்கும் கேட்டதில்லை.

அவள் கணினியை அவர்கள் பக்கம் திருப்பி, அந்த வரியை அழித்தாள். 'தந்தை கொழும்பில் பேக்கரித் தொழிலாளி' என்று எழுதினாள். சின்னராசா உதடசைய அதைப் படித்தார். திரும்பவும் ஒருமுறை படித்தார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மீனம்மா உட்காரவில்லை. "இப்ப நீங்க மாத்திட்டீங்க மிஸ், நல்லா இருப்பீங்க. நாளைக்கி இன்னொரு ஆளு வந்து பழையபடி மாத்துனா?"

"மாத்த மாட்டாங்கக்கா."

"மாத்துனா நாங்க என்ன செய்ய முடியும்னு கேக்குறேன்."

ஜெயந்தினி தளத்தின் பின்பக்கத்தைத் திறந்தாள். யார் யார் எதைச் செய்யலாம் என்கிற அட்டவணை அங்கே இருந்தது. நிர்வாகிகள் இரண்டு பேர், அறக்கட்டளையை நடத்தும் கஜேந்திரனும் அவளும். அவர்கள் எதையும் மாற்றலாம். களப்பணியாளர் புதிதாகச் சேர்க்கலாம். உதவுநர் பார்க்கலாம், கருத்து எழுதலாம். வழிப்போக்கர்கூடப் பார்க்கலாம். யாரைப் பற்றிய பக்கமோ அவர்களுக்கு மட்டும் அந்த அட்டவணையில் ஒரு வரி இல்லை. இத்தனை காலம் இதைத் திறந்து மூடியவளுக்கு இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

மீனம்மா தலையசைத்தாள், எதிர்பார்த்த பதில் என்பதுபோல. "லயத்து வீட்டுக்குத்தான் எங்களுக்கு உறுதிப் பத்திரம் இல்ல. எங்க கதைக்குமா மிஸ் இல்ல?"

கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த கஜேந்திரன் மறுநாள் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் அலுவலகத்துக்கென்று வாங்கிய கொய்யாப்பழங்கள். கொத்மலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, யாரோ முகமறியாத ஒருவரின் உதவியால் படித்து வந்தவர். அந்த நன்றிக்காகவே இந்த அறக்கட்டளையைத் தொடங்கி, தனக்கென்று ஒரு சதமும் எடுக்காமல் நடத்துகிறவர். நல்ல மனிதர்களின் பிழையைத் திருத்துவதுதான் உலகத்தில் மிகவும் கடினம். நம் எல்லோருக்கும் அவர்களிடம் ஏதாவது ஒரு கடன் இருக்கிறது.

"றொசல்ல பிள்ளையோட பக்கத்துல ஒரு வரி காணோமேம்மா" என்றார்.

"அது பொய்ங்க சேர்."

"பொய்யின்னு ஏன் சொல்ற? வீட்ல இல்லதானே." அவர் ஒரு பழத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்பிடி போட்ட பிள்ளைகளுக்குத்தான் சீக்கிரமா உதவி கெடைக்குது. நீயே பாத்திருக்க. அழுத பிள்ளதாம்மா பால் குடிக்கும்."

"அழாத பிள்ளைய நாம கிள்ளி விடுறோமே சேர்."

கஜேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் துடைத்தார். "எனக்கு காசு வந்ததே அப்பிடித்தான். எங்கப்பா குடிச்சி அழிக்கிறாருன்னு எழுதி அனுப்புனாங்க. எங்கப்பா வெத்தில தவிர ஒண்ணும் தொட மாட்டாரு. அதுனால நா என்ன, செத்தா போயிட்டேன்? படிச்சேன்."

"அப்பாவுக்கு அது தெரியுமா சேர்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்து தன் அறை வாசல்வரை போனவர் திரும்பாமலே சொன்னார். "பழையபடி போட்டுரு."

அன்று மாலை அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. ஒரு குழந்தை மணிக்கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் சும்மாட்டுத் தலையோடு உள்ளே வந்தவர், யார் பிள்ளை என்றுகூடக் கேட்காமல் அதை அக்குளில் பிடித்துத் தூக்கினார். மணி ஒருமுறை அடித்ததும் இறக்கி விட்டுவிட்டு விழுந்து கும்பிடப் போய்விட்டார். குழந்தைக்காக அவர் மணியடிக்கவில்லை, தூக்கி மட்டும் விட்டார் என்பதை ஜெயந்தினி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்கு வந்து, அந்த அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். அதற்குக் 'குடும்பம்' என்று பெயர் வைத்தாள். தன் பக்கத்தைத் திருத்தலாம், விரும்பினால் மறைக்கலாம். அவர்கள் சம்மதம் அழுத்தாமல் எதுவும் வெளியே போகாது. பிறகு கஜேந்திரனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒளித்துச் செய்வது அவளுக்குப் பிடிக்காது. 'சேர், அந்த வரியை நான் திரும்பப் போடவில்லை. குடும்பங்களுக்கே உரிமை கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன். நீங்களும் வாங்க.' பதில் வரவில்லை.

குடும்பங்களைக் கூப்பிட்டபோது பலர் தயங்கினார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து களைத்திருந்த குரல்கள். நமக்கு அதெல்லாம் எங்க மிஸ் தெரியும் என்றார்கள். ஜெயந்தினி தெருவுக்கு எதிர்ப்பக்கம், கணினிகளை வாடகைக்கு விடும் அன்ஸாரின் கொமியுனிகேஷன் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"வரச் சொல்லுங்க தங்கச்சி" என்றார் அன்ஸார். "ஞாயித்துக்கிழமயில ரெண்டு மெசினும் சும்மாதானே கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கடையில் நிற்க இடமிருக்காது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அன்ஸார் நானா, யாவாரம்?"

"அது அல்லாஹ் பாத்துக்குவான். நீங்க வரச் சொல்லுங்க."

சந்தைக்கு வந்த கையோடு அவர்கள் வந்தார்கள். கீரைக்கட்டும் கருவாட்டுப் பொதியும் கடை வாசலில் வரிசையாகக் காவல் இருந்தன. ஜெயந்தினி ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்துக்கூட்டத் தடுமாறியவர்களுக்கு விசையைக் காட்டினாள், அவ்வளவுதான். கிஷாந்த் என்ற பையன் கணினிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தான். அவன் தாய் தோளுக்கு மேலாகக் குனிந்து, "ஏய், அப்பாவ பத்தி நல்லதா போடு" என்றாள்.

"ரொம்ப நல்லதா போட்டா பொய்யின்னு அழிச்சிருவாங்கம்மா."

கடை முழுவதும் சிரித்தது. அவன் எழுதினான்: 'எனக்குக் கணக்கு வராது. பந்து நன்றாகப் போடுவேன். இரக்கம் வேண்டாம். சப்பாத்து வேண்டும்.'

அன்ஸார் எட்டிப் பார்த்துப் படித்தார். "சைஸ் போடல்லயே மகன்" என்றார்.

இரண்டு குடும்பங்கள் தங்கள் பக்கத்தையே மறைத்துவிட்டன. இருக்கிற உதவியும் நின்றுபோகலாம் என்று ஜெயந்தினி சொன்னாள். நிக்கட்டும் மிஸ் என்றார்கள். அந்த விசையை அவர்கள் அழுத்தும்போது அவள் தடுக்கவில்லை.

சுதர்ஷினி கடைசியாக வந்தாள். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். பேக்கரித் தொழிலாளி என்று ஜெயந்தினி எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற மீனம்மா மகளின் முதுகை ஒரு விரலால் தொட்டாள். அவள் தட்டெழுதினாள்: 'என் அப்பா கொழும்பில் பாண் போடுகிறார். அவர் எங்களை விடவில்லை. நாங்களும் அவரை விடவில்லை.' சம்மதத்தை அழுத்திவிட்டு எழுந்து, தாயின் கையிலிருந்த சந்தைப் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை மீனம்மா மலையில் இருந்து பேசினாள். காற்று இரைச்சலுக்கு நடுவே, "போயிருச்சு மிஸ், பள்ளிக்கொடம் போயிருச்சு" என்பது மட்டும் கேட்டது. அந்தச் சந்தோஷத்தோடு ஜெயந்தினி படியேறி வந்தபோது, அவள் நாற்காலியில் கஜேந்திரன் உட்கார்ந்திருந்தார்.

"யார கேட்டு செஞ்ச?"

"உங்களுக்கு சொன்னேனுங்க சேர்."

"சொன்ன. கேக்கல."

அது நியாயம்தான். அவள் தலையைக் குனிந்தாள். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"உதவி செய்றவங்க ரெண்டு பேரு ஏற்கனவே ஈமெயில் போட்டுட்டாங்க, அவங்க பிள்ளைகளோட பக்கம் எங்கன்னு. இத கட்டி எழுப்ப நா என்ன பாடு பட்டேன்னு ஒனக்கு தெரியாது." அவர் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். "உன்னோட உரிமைய எடுத்துரு. பார்வையாளரா மாறிக்க. அதுக்கு மேல என்ன செய்றதுன்னு நா பாத்துக்கிறேன்."

"என்னைய நானே எறக்கிக்க முடியாதுங்க சேர். தளம் விடாது. இன்னொரு நிர்வாகிதான் எறக்கணும்."

"இன்னொரு நிர்வாகி?"

"நீங்கதான்."

கஜேந்திரன் திரையைப் பார்த்தார். அவர் தன் பெயரில் ஒருநாளும் உள்ளே போனதில்லை. பாஸ்வேர்ட் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜெயந்தினி பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவருக்குப் புதிய பாஸ்வேர்ட் அமைத்துக் கொடுத்தாள். மறந்துவிடாமல் இருக்க அதை ஒரு துண்டில் எழுதி அவர் சட்டைப்பைக்குள் வைக்கச் சொன்னாள். பொறுமையாகக் காட்டித் தந்தாள்.

"பயனர்ங்கிறத அழுத்துங்க சேர். இந்தா, என் பேரு. பக்கத்துல நிர்வாகின்னு இருக்குல்ல, அத தொட்டா கீழ எறங்கும். அதுல பார்வையாளர். அவ்வளவுதான். கடைசியா சேமி."

அவர் அம்புக்குறியை மெல்ல நகர்த்தி 'பார்வையாளர்' வரை கொண்டுவந்தார்.

"ஒண்ணு சொல்லிடுறேன் சேர்" என்றாள் ஜெயந்தினி. குரல் உயரவில்லை. "என் உரிமைய எப்பிடி எடுக்கிறதுன்னு சொல்லித் தந்துட்டேன். அவங்க உரிமைய எப்பிடி எடுக்கிறதுன்னு மட்டும் சொல்லித் தர மாட்டேன். தெரியாதுன்னு பொய் சொல்லல. தெரியும். சொல்ல மாட்டேன்."

கீழே புடவைக்கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள். கஜேந்திரனின் விரல் சுட்டியின்மேல் இருந்தது. அப்போது திரையின் மேல்மூலையில், ஒரு குடும்பம் தன் பக்கத்தைத் திருத்தி வெளியிட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. தவறுதலாகவோ தெரிந்தோ அவர் அதைத்தான் அழுத்தினார்.

ஞாயிறன்று வராத குடும்பம். வீட்டிலிருந்தே கைப்பேசியில் எழுதியிருந்தார்கள். 'அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். உண்மைதான். அம்மாவும் நானும் தங்கச்சியும் இருக்கிறோம்.' அதற்குக் கீழே படம் வர நேரமெடுத்தது. மழைநாளின் இணைப்பு.

"இது யாரு?" என்றார் கஜேந்திரன்.

"கொத்மலப் பக்கம்ங்க சேர். ராக்காயி அக்காவோட மகளுங்க."

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் வெறும் மேகம். பிறகு தகரக் கூரையின் விளிம்பு. பிறகு நெற்றிகள், ஒன்று உயரமாக, இரண்டு தாழ்வாக. கண்கள் வந்தபோது கஜேந்திரன் நாற்காலியில் சற்றுப் பின்னால் நகர்ந்தார். தாய் கொழுந்துக்குப் போகிற உடுப்போடு, கைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு மகள்களுக்கும் நடுவில் நின்றாள். மூவரும் சிரிக்கவில்லை, அழவில்லை. நேராகப் பார்த்தார்கள். கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.